‘சும்மா’ என்ற இடம்

காலையில் மேப் ஆப் தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டது. நான் சேமித்து வைத்திருந்த முந்நூறு இடங்களும் துடைத்துவிட்டாற்போல் காணாமல் போயின. ஆறு வருடமாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ‘பெல் வேலை செய்யாது, தட்டு’, ‘நாலாம் மாடி, லிஃப்ட் இருப்பதாகச் சொல்வது பொய்’, ‘நாய், கேட்டிலேயே நில்’ என்று நானே பெயர் வைத்த இடங்கள். அவை இல்லாமல் அன்று முழுக்கத் தெருத்தெருவாக முட்டிக்கொண்டேன். உதவி மையத்துக்கு மூன்று முறை பேசினேன். "போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பதற்கு மேல் அவர்களிடம் சரக்கில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே புலம்பினேன். மனைவி தன் போனை நீட்டினாள்.

"எல்லாம் இங்க இருக்கு. உங்க பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு என் மெயில்லதானே மேப் அக்கவுண்ட் ஆரம்பிச்சீங்க? மறுபடி லாகின் பண்ணணும், அவ்வளவுதான்."

என் போனில் அவளே பாஸ்வேர்டைப் போட்டாள். இடங்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. நிம்மதி வருவதற்குள் போனைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். பாலத்துக்கு அடியில் ‘சும்மா’ என்று ஒரு புள்ளி. வேலை முடிந்ததும் தினமும் அரை மணி நேரம் யாரோடும் பேசாமல் நான் உட்காரும் இடம். வீட்டில் டிராஃபிக் என்று சொல்லியிருந்தேன்.

"அது வந்து..." என்று இழுத்தேன்.

"தெரியும். ஒரு நாள் பஸ்ல போறப்ப பார்த்தேன். வண்டி மேலயே கண்ண மூடி உக்காந்திருந்தீங்க."

"கேக்கவே இல்லையே."

"கேட்டிருந்தா, அப்புறம் எங்க போய் உக்காருவீங்க?"