ஜாம் ஜாடியில் கியர் எண்ணெய்

ஓரினைக் கட்டிக்கொள்ள நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரை அவன் வண்டியில் ஒரே கியர்பாக்ஸ் இருக்க வேண்டும்.

ஐம்பத்தொன்பது வயதுக்காரி அறுபத்து மூன்று வயதுக்காரனிடம் கேட்கிற சீதனமா இது என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். என் முதல் புருஷனுக்குப் போதும் என்ற சொல்லே தெரியாது. நிலம் போதாது, மாடு போதாது, கடைசியில் நானும் போதாமல் போனேன். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டித் தனியாகக் காப்பாற்றிய வீடு இது. இன்னொரு போதாதவனை உள்ளே விட எனக்கென்ன பைத்தியமா?

ஓரின் தங்கமான ஆள்தான். குதிரைக்கு லாடம் அடிக்கிறவன். உதைக்கிற குதிரைகூட அவனிடம் காலைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். ஆனால் அவனுடைய டீசல் பிக்கப்பில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு குமிழ் இருந்தது. ஒன்றிலிருந்து ஐந்து வரை எண். எண் ஏற ஏற எஞ்சினுக்கு டீசல் கூடும், பலம் கூடும். அந்தக் குமிழைப் பார்த்தால் மட்டும் அவன் கை சும்மா இருக்காது. முதல் கியர்பாக்ஸ், பக்கத்துப் பண்ணையில் ஒரு மரத்தின் அடிக்கட்டையைப் பிடுங்கப்போய் எரிந்தது. இரண்டாவது, வைக்கோல் ஏற்றிக்கொண்டு ஐந்தாம் எண்ணில் மேட்டைத் தாண்டப்போய் எரிந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பது இவனுக்காகவே சொல்லி வைத்தது.

எங்கள் ஊரில் சாவு விழுந்த வீட்டுக்குச் சாவு உருளைக்கிழங்கு போகும். துருவிய உருளைக்கிழங்கு, வண்டி வண்டியாகச் சீஸ், மேலே நொறுக்கிய கார்ன்ஃப்ளேக்ஸ், எல்லாம் ஒரு தட்டில் போட்டு ஓவன் அடுப்பில் வேகவைத்தது. ஓரினின் இரண்டாவது கியர்பாக்ஸ் போனபோது மூன்று வீட்டிலிருந்து அந்தத் தட்டு வந்தது. காபிக்கடை பெர்னடீன் தன் தட்டின்மேல் கறுப்பு ரிப்பன் கட்டியே அனுப்பினாள். கொழுப்பு!

மூன்றாவது கியர்பாக்ஸைக் கட்டிக் கொடுத்தவள் மைட்டே. ஸ்பெயின் மலைப்பக்கத்திலிருந்து ஆடு மேய்க்க வந்த பாஸ்க் குடும்பத்துப் பெண், நாற்பது வயது. இந்தப் பக்கத்து வயோமிங்கில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்தால் அப்படியே திருப்பிச் சேர்க்கத் தெரிந்த ஒரே ஆள். நானும் கூடப் போய் அவள் பட்டறையில் நின்றேன்.

"ஓரின், காதைக் குடுத்துக் கேளுங்க," என்றாள் மைட்டே. "ரெண்டாம் நம்பர்தான் உங்க சொர்க்கம். பழைய பலத்துக்கு மேல நாப்பது குதிரை, அவ்வளவுதான். அதுக்கேத்த மாதிரி கியர்பாக்ஸ் உள்ளயும் எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டியிருக்கேன். உள்ள இருக்கற தட்டுங்க ஒண்ணையொண்ணு இறுக்கிப் பிடிச்சுக்கும். பிடிச்சுக்கிட்டா ரெண்டு லட்சம் மைல் ஓடும். வழுக்கினா சூடு. சூடுதான் எமன்."

"மூணாம் நம்பர்?"

"எமனுக்குத் தம்பி."

"எரிஞ்சிருக்கா இல்லையான்னு வெளியில இருந்து எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று நான் கேட்டேன்.

"மோந்து பாருங்க, வெர்லீன். எண்ணெய் செக்கச்செவேல்னு இருந்து வாடை நல்லா இருந்தா கியர்பாக்ஸ் நல்லா இருக்கு. கருகின ரொட்டி மாதிரி வாடை அடிச்சா மாதா கோயில் மணியை அடிச்சிடுங்க."

ஓரின் பட்டறை மேஜையிலிருந்து கறுப்பு நாடாவை எடுத்தான். குமிழை இரண்டில் வைத்து, சுற்றிச் சுற்றி ஒட்டினான். பேனாவை என்னிடம் நீட்டினான். "கையெழுத்துப் போடு கண்ணு. இது கிழிஞ்சிருந்தா என்னை நீ கேளு."

வெள்ளை மையில் குறுக்காகப் போட்டேன். அன்றைக்கே பெர்னடீன் தன் கடையில் நாட்காட்டி ஒன்றை மாட்டி, கியர்பாக்ஸ் பிழைத்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு கிழிக்க ஆரம்பித்தாள்.

அந்தக் கோடையைப்போல ஒரு கோடையை நான் பார்த்ததில்லை. ஓரின் லாடம் அடிக்கப் போகிற பண்ணைக்கெல்லாம் நானும் கூடப் போனேன். மேட்டில் ஏறும்போது அவன் கை தொடையிலேயே இருக்கும், விரல் மட்டும் தாளம் போடும். வண்டியும் என்னமோ வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் கியர் மாறிப் போகும். ஜூலை போயிற்று. ஆகஸ்ட் போயிற்று. நாட்காட்டியில் தொண்ணூறு கோட்டைத் தாண்டியதும் எனக்குப் பயம் வந்தது. சந்தோஷம் வந்தால் கூடவே வருமே, அந்தப் பயம். இவ்வளவு நல்லபிள்ளையாக ஒரு மனுஷன் இருப்பானா? நாடாவைப் பிரிக்காமலே குமிழைப் பின்னாலிருந்து கழற்றித் திருப்பிவிட்டு மறுபடி மாட்டியிருந்தால்? லாடக்காரன் கைக்கு அது எந்த மூலைக்கு!

கெடுவுக்கு மூன்று நாள் முன்னால், வெள்ளிக்கிழமை மத்தியானம், ஓரின் வண்டியை என் வாசலில் விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரனோடு அவன் வண்டியில் போனான். நான் கதவைத் திறந்து பார்த்தேன். நாடா அப்படியே இருந்தது, கையெழுத்தும் என்னுடையதுதான். அத்தோடு விட்டிருக்கலாம். விட்டேனா? நாடா பொய் சொல்லும், எண்ணெய் சொல்லாது என்று பானெட்டைத் தூக்கினேன். கியர்பாக்ஸின் அளவுக்கம்பியை உருவி மோந்தேன். வாடை நன்றாகத்தான் இருந்தது, நிறமும் செர்ரிச் சிவப்பு. மனசு குளிர்ந்துபோயிற்று. கம்பியைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்தால், எண்ணெய் மேல்கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றது.

அட அசட்டு மனுஷா, எண்ணெயை இப்படியா அளவில்லாமல் ஊற்றுவாய் என்று நினைத்துக்கொண்டேன். அளவுக்கு மேல் இருந்தாலும் கெடுதல் என்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பாவின் டிராக்டருக்குப் பத்து வயதிலிருந்து எண்ணெய் பார்த்தவள் நான். அவனிடம் சொன்னால் வேவு பார்த்தது தெரிந்துவிடும். ஆகவே சத்தமில்லாமல் ஒரு உபகாரம் செய்தேன். புதுக் கைப்பம்பு ஒன்று கொட்டகையில் இருந்தது. மெல்லிய குழாயை உள்ளே விட்டு, கம்பியில் அளவு சரியாகிற வரை எடுத்தேன். ஜாம் ஊற்றி வைக்கக் கழுவிக் கவிழ்த்திருந்த பெரிய கண்ணாடி ஜாடிகளில் மூன்று நிரம்பியது. பார்க்க அசல் காட்டுச்செர்ரி ஜாம் மாதிரியே இருந்தது. சமையலறையில் வைத்தால் யாராவது ரொட்டியில் தடவிக்கொள்வார்கள் என்று, என் குதிரை ட்ரெய்லரின் முன்பக்கப் பெட்டியில் சேணத்துக்கு அடியில் ஒளித்து வைத்தேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு தூங்கினேன்.

திங்கட்கிழமை. கடைசிக் கோடு. கணவாய்க்கு அந்தப் பக்கம் கோடை மேய்ச்சலில் இருந்த என் நான்கு குதிரைகளைக் கூட்டிவரப் போனோம். காலி ட்ரெய்லரோடு போனபோது ஒன்றும் தெரியவில்லை. ஓரின் விசிலடித்துக்கொண்டே ஓட்டினான், எதிரே வந்த வண்டிக்கெல்லாம் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைத்தான். குதிரைகளை ஏற்றிக்கொண்டு திரும்பி, கணவாயில் பாதி ஏறியிருப்போம். எஞ்சின் திடீரென்று ஊளையிட்டது. வண்டி ஏறவில்லை. பிடிப்பே இல்லை. சூடு காட்டும் முள் விறுவிறுவென்று மேலே போனது.

ஓரின் உடனே காலை எடுத்துவிட்டு, ஓரத்தில் அகலமாக இருந்த இடத்தில் நிறுத்தினான். முகம் வெளுத்திருந்தது. "நான் தொடல, வெர்லீன்."

"தொடாமத்தான் வழுக்குதா? காத்து வந்து திருப்பிச்சா? தொண்ணூறு நாள் பொறுத்தவன் தொண்ணூத்தேழாம் நாள் பொறுக்க மாட்டியா? என்னை என்னன்னு நெனச்ச நீ? உன்னைப்போய் நம்பினேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்!"

பள்ளிக்கூட பஸ் ஓட்டிய தொண்டை. குதிரைகள்கூடக் காலை உதறின. அவன் நாடாவைத் தொட்டுக் காட்டினான், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்தா பெர்னடீன் எதிரே வர வேண்டும்? வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை இறக்கினாள். "என்ன, போயிடுச்சா? இன்னிக்கு ஒரு நாள்தானேடி பாக்கி! உருளைக்கிழங்கு வேகவைக்கச் சொல்லட்டா?"

"போடி அந்தப் பக்கம்!" என்றேன். போனாள். போகும்போதே போன் காதில் இருந்தது.

முள் இறங்கியதும் ஓரின் எஞ்சினை ஓடவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு பானெட்டைத் தூக்கினான்.

"எஞ்சின் ஓடறப்பவா எண்ணெய் பாப்பாங்க? கூறு இருக்கா உனக்கு? மொதல்ல நிறுத்து அதை!"

"எஞ்சின் எண்ணெய்தான் கண்ணு நிறுத்திட்டுப் பாக்கணும். இது ஓடறப்பதான் பாக்கணும். நிறுத்திட்டா மேல சுத்திக்கிட்டு இருக்கற எண்ணெய் பூரா கீழ இறங்கிடும். கம்பியில ரெண்டு விரல் அதிகமா காட்டும்."

வெள்ளிக்கிழமை நான் அளந்தது அணைத்திருந்த எஞ்சினில். ரெண்டு விரல்.

கம்பியை உருவினான். நுனியில் பொட்டு ஈரம் இருந்தது. "எண்ணெயே இல்லையே! மேட்டுல ஏறினா இருக்கறதும் பின்னால ஓடிடும், அப்புறம் எப்படிப் பிடிக்கும்?" அணைத்துவிட்டு வண்டிக்கடியில் படுத்துத் தவழ்ந்தான். அறுபத்து மூன்று வயது, குனிந்தே உழைத்த முதுகு. ஒவ்வொரு குழாயாகக் கையால் தடவிப் பார்த்தான். "எங்கயும் ஒழுகல. சுத்தமா இருக்கு. எங்கதான் போச்சு?"

நான் வாயைத் திறக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக மூடாத வாய்.

அவன் எழுந்து கையைத் துடைத்தான். தொப்பியைக் கழற்றினான். "சரி விடு. எப்படிப் போனா என்ன, வாக்குன்னா வாக்குதான். என் வண்டி, என் பொறுப்பு. தோத்தது நான்தான்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "ஆனா ஒண்ணு சொல்லிக்கறேன் கண்ணு. இந்தக் கோடையில ஒரு நாள்கூட எனக்கு மூணாம் நம்பர் வேணும்னு தோணல. நீ பக்கத்துல உக்காந்திருந்த. போதும்னு இருந்துச்சு."

போதும் என்றான். அந்தச் சொல்லை ஒரு ஆண்பிள்ளை வாயிலிருந்து கேட்க நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன்! அவன் சொன்னபோது நான் திருடி மாதிரி நின்றுகொண்டிருந்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதியது யார்?

நேராக ட்ரெய்லருக்குப் போனேன். சேணத்தைத் தள்ளி, மூன்று ஜாடிகளையும் நெஞ்சோடு அணைத்து எடுத்து வந்தேன்.

"இப்பவா ஜாம் சாப்பிடறது?" என்றான் ஓரின்.

"ஜாம் இல்ல. உன் எண்ணெய்."

எல்லாவற்றையும் சொன்னேன். வேவு பார்த்தது, மோந்தது, அப்பாவின் டிராக்டர், கைப்பம்பு, ஒன்றையும் விடவில்லை. அவன் ஒரு ஜாடியை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்றே நினைத்தேன். பாவி, சிரிக்கிறான்! முழங்காலைப் பிடித்துக்கொண்டு, குதிரைகள் கனைக்கிற அளவுக்குச் சிரித்தான்.

"என்னைத் திட்டேன்டா!" என்று கத்தினேன்.

"எதுக்குத் திட்டணும்? எண்ணெயை மூடி போட்டு வெச்சிருக்க. என் பொண்டாட்டியா வர்றவளுக்கு இந்த அளவு பொறுப்பு இருந்தா போதாதா?"

கணவாயில் போன் சிக்னல் ஒரு கோடு கிடைத்தது. மைட்டேயைக் கூப்பிட்டோம். கேட்டு முடித்ததும் அவள் முதலில் கேட்டது, "வாடை?"

கம்பியை மோந்தேன். "நல்லா இருக்கு. செவப்பாத்தான் இருக்கு."

"அவர் சட்டுனு காலை எடுத்ததால தப்பிச்சீங்க. ஊத்துங்க, ஓடவிட்டுப் பாருங்க, மெதுவா ஏறுங்க. வெர்லீன், என் கியர்பாக்ஸ் நாப்பது குதிரையைத் தாங்கும். உங்களைத் தாங்கும்னு நான் சொல்லவே இல்லையே!"

ஊற்றினோம். ஓடவிட்டுப் பார்த்தோம். கம்பியில் எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றது. ஏறினோம். முள் அசையவில்லை. உச்சி வந்ததும், "ஓரின், இந்த மாசக் கடைசியிலயே கட்டிக்கலாமா?" என்று நானே கேட்டேன்.

"இப்ப நான் ஒரு நிபந்தனை போடுவேன்." டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்து கறுப்பு நாடாவை எடுத்து என் மடியில் போட்டான். "வீட்டுக்குப் போனதும் அந்த அளவுக்கம்பியைச் சுத்தி ஒட்டு. கையெழுத்து நான் போடுவேன்."

வாசலில் ஆறு வண்டி நின்றது. பெர்னடீன் ஊரையே திரட்டியிருந்தாள். என் மேஜையில் ஏழு தட்டு சாவு உருளைக்கிழங்கு, ஆவி பறக்க. பிக்கப் தன் காலிலேயே, குதிரைகளோடு, சத்தமில்லாமல் கியர் மாறி உள்ளே வந்து நின்றதைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். பெர்னடீன் கறுப்பு ரிப்பனைக் கையில் பிடித்தபடி கேட்டாள்.

"அடியே, வண்டி ஓடுதே! அப்ப செத்தது யாரு?"

"என் திமிருடி," என்றேன். "கணவாய்ல, மத்தியானம் ரெண்டு மணிக்கு. வாங்க, எல்லாரும் உக்காந்து சாப்பிடுங்க."