பதினோராவது புற்று

வானதியின் வயல் வரப்பில் நெருப்பு எறும்புப் புற்றுக்குள் இரும்புக் குழாயை இறக்கியபோது, மூன்றடி ஆழத்தில் அவள் புருஷன் பரணிதரன் இருமினான். குழாயைப் பிடித்திருந்த அன்சார் பாய் இருபது வருஷமாக சீர்காழி சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். காற்று அடைத்த குழாய் எப்படிச் சத்தம் போடும், தண்ணீர் ஏறும் குழாய் எப்படிச் சத்தம் போடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இது அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு, குழாயிலிருந்து காதை எடுத்தார். வானதிக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதினான்கு வருஷம் அவள் அந்த இருமலைக் கேட்டுத்தான் காலையில் கண் விழித்தாள்.

பரணிதரன் வெள்ளத்தில் போய் அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆடி மாதம் கொள்ளிடம் கரை தொட்டு ஓடியபோது, படுகையில் இருந்த மோட்டாரைக் கழற்றி வரப் போனவன் திரும்பவில்லை. மோட்டார் கிடைத்தது. பழையாறு முகத்துவாரம் வரைக்கும் படகில் போய்த் தேடியவர்கள் வெறுங்கையோடு வந்து சேர்ந்த அன்றுதான் எறும்புகளும் வந்தன. ஒரு கோரைப்பாய் அகலத்துக்குச் சிவப்பாக, ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, முட்டைகளை மேலே தூக்கிப் பிடித்தபடி மிதந்து வந்து, வானதியின் வரப்பில் முட்டி, கலைந்து, மண்ணுக்குள் இறங்கின. போலீஸ்காரர் விசாரிக்க வந்தபோது, அவராகத்தான் போனார் என்று வானதி சொன்னாள். அது பொய். ஊரில் எல்லோரும் மோட்டாரை எடுத்தாயிற்று, நீங்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிறீர்களே என்று அன்று காலை அவனை விரட்டியவள் அவள்தான். அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வருஷத்தில் ஒரு புற்று பதினொன்றாயிற்று. வரப்பு, களம், வாய்க்கால் கரை என்று தண்ணீர் நிற்காத இடமெல்லாம் எறும்பு. ஆடு மாடு அந்தப் பக்கம் போகவில்லை. களை பறிக்க வந்தவர்களின் காலில் நெருப்புக் கங்கு பட்ட மாதிரிக் கொப்புளம் எழும்பியது. வானதியை மட்டும் அவை கடிக்கவில்லை. அவள் புற்றின் மேலேயே நின்றாலும் பாதத்தைச் சுற்றிப் போயின. ஊர் அதை ஒரு போகம் முழுக்கப் பேசியது, பிறகு பேச்சு விட்டுப்போயிற்று.

நடவுக் குழுவின் தலைவி ஜெயா ஒருநாள் வரப்பில் வழுக்கிப் புற்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அரைமணி நேரத்தில் முகம் வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு விசிலடித்தது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்துவிட்டு வந்தபோது உயிர் இருந்தது, பழைய குரல் இல்லை. நாற்றங்காலில் ஊரையே அதட்டிய குரல், ஓலை உரசுகிற மாதிரி ஆகிவிட்டது. மருந்து கொட்டினால் வாய்க்காலில் மீன் சாகும் என்பதால், வானதி அன்சாரிடம் போனாள். அவர் ஆறடி இரும்புக் குழாயின் நுனியைக் கூராக்கி, சுற்றிலும் துளை போட்டு, மேலே குறுக்குக் கைப்பிடியும் திறந்து மூடும் வால்வும் வைத்தார். ஒரு டிரம்மைச் சக்கரத்தில் ஏற்றி அடுப்பு மாட்டினார். கொதிதண்ணீர் டிரம்மிலிருந்து ஓஸ் வழியாகக் குழாய்க்குள் போய், பூமிக்கடியில் ராணி எறும்பு இருக்கும் அறை வரை பாயும். ஓஸை மாட்டுவதற்கு முன்னால், நுனி அறைக்குள் இறங்கிவிட்டதா என்று காது வைத்துப் பார்த்தபோதுதான் இருமல் கேட்டது.

வானதி குழாயில் காதை வைத்தாள்.

"வானதியா?" என்றான் பரணிதரன்.

"நான்தாங்க. எங்க இருக்கீங்க?"

"இங்கதான். கொஞ்சம் கொஞ்சமா எல்லாப் பக்கமும் இருக்கேன். கூட்டமா இருக்கு. கை ஓயவே மாட்டேங்குது."

அன்சார் அடுப்பை அணைத்துவிட்டு, கேட்காத தூரத்தில் போய் நின்றுகொண்டார். அன்று கொதித்த தண்ணீரை வாய்க்காலில் ஊற்றுவதற்கு முன் ஆற வைத்தார்கள்.

பத்து நாள் வானதி ஒவ்வொரு புற்றாகக் குழாயை இறக்கிப் பேசினாள். எல்லாவற்றிலும் அவனே பேசினான். உள்ளே எத்தனை வழி இருக்கிறது, எந்த வழி எங்கே போகிறது என்று சொன்னான். மோட்டாரைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்றே ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்தாள். பதினோராம் நாள் காலை ஜெயா வந்து ரோட்டிலேயே நின்றாள். வயலுக்குள் கால் வைக்கவில்லை. நடவுக்கு ஆள் இறங்காமல் நாற்று முற்றிக்கொண்டிருந்ததை மட்டும் பார்த்துவிட்டுப் போனாள். வானதி அன்சாருக்கு போன் செய்தாள்.

"ஆரம்பிச்சிடுங்க பாய்."

"யோசிச்சுதான் சொல்றியாம்மா?"

"ஜெயாக்கா தொண்டை போனதப் பாத்தோமே. ஆரம்பிங்க."

முதல் புற்றில் கொதிதண்ணீர் இறங்கிய மறுநாள், மற்ற புற்றுகளில் இருந்த பரணிதரனுக்கு அவன் படித்த பள்ளிக்கூடம் மறந்துவிட்டது. மூன்றாவது போனபோது அம்மாவின் பேர் போயிற்று. வலிக்கிறதா என்று வானதி கேட்டதற்கு, வலியெல்லாம் இல்லை, வீட்டில் ஒவ்வொரு சாமானாக யாரோ எடுத்துப் போகிற மாதிரி இருக்கிறது என்றான். ஐந்தாவதோடு கல்யாணம் நடந்த கோயில் போயிற்று. ஏழாவதோடு அவனுக்குப் பிடித்த வாளைமீன் குழம்பு போயிற்று. குழம்பு போன அன்று வானதி வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். எறும்புகள் அவள் மடி மீது ஏறி இறங்கின. அப்போதும் கேட்க வாய் வரவில்லை. கேட்டால், ஆமாம், நீ விரட்டித்தான் போனேன் என்று சொல்லிவிடுவானோ என்று பயம். எட்டு, ஒன்பது, பத்து என்று அன்சார் முடித்தார். களத்து ஓரத்தில் பதினோராவது மட்டும் மிச்சம்.

அதற்கு ஜெயாவும் வந்தாள். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, பத்தடி தள்ளி நின்றாள். டிரம்மில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வானதி குழாயை இறக்கி, வாயை அதன் மேல் வைத்தாள்.

"ஏங்க, ஒன்னு கேக்கணும். அந்த மோட்டாரு..."

"எந்த மோட்டாருங்க?" என்றான் பரணிதரன். பிறகு மரியாதையாக, "நீங்க யாருங்க?" என்றான்.

வானதி குழாயைப் பிடித்தபடி நின்றாள். அன்சார் வால்வின் மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார்.

"இந்த வயல்காரிங்க," என்றாள் வானதி. "வெள்ளத்துல எங்க வீட்டுக்காரரு போயிட்டாரு. மோட்டார எடுக்கப் போனாரு. நான்தான் போகச் சொன்னேன். சத்தம் போட்டு அனுப்புனேன். யார்கிட்டயும் சொன்னதில்ல."

அன்சாரும் ஜெயாவும் அதைக் கேட்டார்கள். எறும்புகள் மண்ணைச் சுமந்து வெளியே வைத்தன. பரணிதரன் யோசித்தான்.

"ஆத்துல தண்ணி ஏறுதுன்னா மோட்டார உட்டுட்டு எந்த ஆம்பள உக்காந்திருப்பான்?" என்றான். "நீங்க சொல்லாட்டியும் அவரு போயிருப்பாருங்க. நானா இருந்தா போயிருப்பேன்."

வானதி குழாயின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். இரும்பு வெயிலில் சுட்டது, அவள் எடுக்கவில்லை. ஜெயா வந்து, பூட்ஸ் காலோடு புற்றிலிருந்து ஓரடி தள்ளி நின்று, வானதியின் முதுகில் கை வைத்தாள்.

"பாய், அடுப்ப அணைச்சிடுங்க," என்றாள் அந்த ஓலைக் குரலில். "இது ஒன்னு இருந்துட்டுப் போவட்டும். எங்க ஆளுங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அந்தப் புரட்டாசியில் சம்பா நடவு மூன்று நாளில் முடிந்தது. களத்தோரம் ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தைச் சுற்றி ஜெயா நீர்நொச்சிக் குச்சிகளை வேலியாக ஊன்றினாள். நடவுப் பெண்கள் அதைச் சுற்றிப் போனார்கள். அந்தப் புற்று பெருகவும் இல்லை, சுருங்கவும் இல்லை. அன்சார் குழாயைக் கழற்றாமல் அங்கேயே விட்டுவிட்டு, வேறு வயல்களுக்கென்று புதிதாக இரண்டு செய்தார். அவற்றில் யாரும் பேசுவதில்லை. வானதி காலையில் வயலுக்குப் போனதும் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பத்து நிமிஷம் குழாயருகில் உட்காருகிறாள். நீங்க யாருங்க என்று அவன் கேட்கிறான். வானதி என்று சொல்கிறாள். நல்ல பேருங்க என்கிறான்.