ஏகாந்தவாசி

பேரின்பநாயகம் இறந்து மூன்று நாள் கழித்துத்தான் ஃபேரர் பார்க்கில் அவர் வீட்டுக் கதவை உடைத்தார்கள். மாரடைப்பு என்றார்கள். தகவல் தெரிந்து அவருடைய அக்கா இராசேஸ்வரி பொங்கோலிலிருந்து காவல் நிலையத்துக்கு வந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

இளம் அதிகாரி அவளுடைய வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து வாசித்துக் காட்டினார். ஒரு சொல் மட்டும் அவளுக்குப் புரியவில்லை.

"ரெக்லூஸ்னா என்ன தம்பி?"

அவர் கைப்பேசியில் தேடினார். "ஏகாந்தவாசின்னு போட்டிருக்கு ஆன்ட்டி. யாரோடயும் பழகாம ஒதுங்கி வாழறவங்க. பக்கத்து வீட்டுல அப்படித்தான் சொன்னாங்க."

"அது தானா விரும்பி ஒதுங்கறவங்களுக்குச் சொல்றது. அவன் ஞாயித்துக்கிழமை தவறாம எனக்கு போன் பண்ணுவான். அம்மா சாவுக்கு லேட்டா வந்தான்னு எனக்குக் கோபம். நாலு வருஷமா நான் எடுக்கல."

அதிகாரி அந்தச் சொல்லை அழித்தார். "அப்ப என்ன போடறது?"

"தனியா இருந்தார்னு போடுங்க. அக்கா பேசலன்னும் போடுங்க."

"அதெல்லாம் வேணாம் ஆன்ட்டி."

"போடுங்க."

அவர் சேர்த்தார். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலேறி வீட்டுக்குப் போனாள். குக்கரில் சோறு வைத்தாள். சாப்பிடும்போது தம்பியின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். அம்மாவின் சாவன்று வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த முகம்தான் வந்தது. அவள் தட்டிலிருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள்.