கால்மாட்டில் நிற்பது யார்?

அம்மிக்குழவியை உருட்டிக்கொண்டு வந்து வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள் கிருபாபாய். இடது அக்குளில் சுரீரென்றது. புருஷனைத் தூக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்ட வலி. மதுரை ஆஸ்பத்திரியில் அவனைக் காட்டப் போனபோது நர்ஸ் அங்கிருந்த வீக்கத்தையும் ஊசி குத்தி எடுத்துப் பார்த்தாள். இப்போது அதற்கெல்லாம் நேரமில்லை.

கொல்லைக் கதவும் பூட்டியாயிற்று. பகல் பதினொரு மணி. இனி எது உள்ளே வருகிறது பார்க்கலாம்.

கட்டிலில் வைகுண்டராஜ் கிடந்தான். தொண்டையில் புற்று. 'வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பி மூன்று வாரமாகிறது. குரல் போய்விட்டது. அது அவர்களுக்குப் பெரிய குறையில்லை. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறி ஷெட்டில் பதினைந்து வருஷம் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். அந்த இரைச்சலில் காதுக்கு வேலை கிடையாது. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். காதலித்ததுகூட அப்படித்தான்.

இப்போது அந்த உதடுதான் அவளைப் பயமுறுத்தியது.

நான்கு நாளாக அவன் பேசுகிறான். அவளிடம் இல்லை. கட்டிலின் கால்மாட்டில் யாரிடமோ. அங்கே இரும்பு பீரோவைத் தவிர எதுவுமில்லை.

'அவ இல்லாதப்ப வா.' இது திங்கட்கிழமை, அடுப்படியிலிருந்து அவள் பார்த்தது.

'அவளுக்குத் தெரியக் கூடாது.' இது நேற்று.

கேட்டால் கண்ணை மூடிக்கொள்கிறான்.

கடைசி மூச்சுவரை பக்கத்தில் இருப்பேன் என்று பைபிள்மேல் கைவைத்துச் சொல்லியிருந்தாள். அவள் இல்லாத நேரம் பார்த்து அது வந்து கொண்டுபோய்விட்டால்? அரை ஷிப்ட் வேலைக்கும் இன்று போகவில்லை.

கதவு தட்டும் சத்தம்.

"ஏன்க்கா, பட்டப்பகல்ல கதவ அடைச்சிட்டுக் கெடக்கிய?" எதிர்வீட்டு மாடி அசீனா. ஷெட்டில் பக்கத்துத் தறிக்காரி, இந்த வாரம் ராத்திரி ஷிப்ட். "கள்ளன் வந்தா எதத் தூக்கிட்டுப் போவான், பழைய பேண்டேஜையா?"

"வேலைக்குப் போவலட்டி. இனிமே போறதாவும் இல்ல."

செருப்புச் சத்தம் விலகி, எதிர்வீட்டு மாடிப்படி ஏறியது.

கிருபாபாய் அடுப்படி நிலையோரம் ஒதுங்கி நின்றாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வைகுண்டராஜின் கண் திறந்தது. கால்மாட்டில் போய் நிலைத்தது.

'நான் போற வரைக்கும் பொறு. பொறவு அவள விட்றாத.'

அவள் ஓடிப்போய்க் கால்மாட்டில் நின்று காற்றைத் துழாவினாள். எதுவும் தட்டுப்படவில்லை. அவனோ அவளைத் தாண்டி எதையோ பார்க்கத் தலையைச் சாய்த்தான்.

அவன் பார்ப்பதை அவளும் பார்த்தாக வேண்டும். கட்டிலில் ஏறி, அவன் தலையணையிலேயே தலையை வைத்துப் படுத்தாள்.

எதிரே பீரோக் கண்ணாடி. நின்றால் தெரியாத தலைமாட்டு ஜன்னல் அதில் தெரிந்தது. அதற்கு அப்பால் எதிர்வீட்டு மாடி. கம்பியைப் பிடித்தபடி அசீனா, தறி ஷெட்டில் பேசுகிற மாதிரியே சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

'தள்ளிப் போட்டா முத்திப் போகும்ண்ணே. உடனே மதுரைக்கு...'

தலையணையில் இரண்டாவது முகத்தைப் பார்த்ததும் அந்த உதடு நின்றது.

கிருபாபாய் எழுந்து, குழவியைத் தள்ளிக் கதவைத் திறந்தாள். அசீனா படியிறங்கி வந்தாள். கையில் ஒரு கவர்.

"திங்கக்கிழமை தபால்ல வந்துச்சுக்கா. நீங்க ஷெட்டுக்குப் போயிருந்திய, நாந்தான் வாங்குனேன். எந் தம்பி படிச்சுச் சொன்னான். அண்ணந்தான், தான் கண்ண மூடற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னாவ. நீங்க மதுரைக்குப் போயிட்டா தனியாச் சாவணுமேன்னு பயப்படுதாவ."

கிருபாபாய் திரும்பிப் பார்த்தாள். வைகுண்டராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

ஆஸ்பத்திரிக் கடிதம். முழுக்க இங்கிலீஷ் டைப். அதில் அவளுக்குப் படிக்கத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், நோயாளியின் பெயர்.

கிருபாபாய்.