காஃபுயி வேனின் சிவப்பு எழுத்து

ஆக்பெக்கோவுக்கு ஜெர்மன் தெரியும் என்று ஹோ நகரத்து வேன் ஸ்டாண்டே நம்பியது. இரண்டு வருஷம் ஹாம்பர்க்கில் இருந்துவிட்டு வந்தவனாயிற்றே. அங்கே மீன் கிடங்கில் பெட்டி தூக்கினான், தன் சொந்த ஊர்க்காரர்களோடே உண்டு உறங்கினான் என்பதை யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கப்பலில் வரும் பழைய வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஜெர்மன் சீட்டை இங்கே யாரும் உரிப்பதில்லை. அது இருந்தால்தான் அசல் வண்டி. வாங்கியவர்கள் அவனைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அவனும் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, நல்லதாக ஏதாவது சொல்லிவைப்பான். நல்லது சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஸ்டாண்டு டிரைவர் காஃபுயி வேன் வாங்கியபோதும் அப்படித்தான். பின்கண்ணாடியில் மஞ்சள் சீட்டு, நாலே வார்த்தை.

"தைரியமா ஓட்டு, வண்டி கைவிடாதுன்னு போட்டிருக்கான்" என்றான்.

மூன்றாவது வார்த்தை 'நிஹ்ட்' என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தது. கூடாது என்று கிடங்கு மேஸ்திரி நாளெல்லாம் கத்திய வார்த்தை அது. தெரிந்தும் விழுங்கிவிட்டான்.

காஃபுயிக்கோ பெருமை தாங்கவில்லை. எல்லோரும் வேனுக்குப் பின்னால் ஒரு வாசகம் எழுதுவார்கள் அல்லவா, அவன் அந்த நாலு வார்த்தையையே பெயின்டரிடம் காட்டி, முழ நீளத்துக்குச் சிவப்பில் எழுத வைத்தான். நாலு மாசமாக அந்த 'நிஹ்ட்' ஊரைச் சுற்றி வந்தது. அதைக் கண்டால் ஆக்பெக்கோ தின்றுகொண்டிருக்கும் அக்ப்ளே களியோடு எழுந்து வேறு பக்கம் திரும்பி உட்கார்வான்.

சந்தை நாள் காலையில் பொறுக்க முடியாமல் அக்கா மகள் செலாசியைக் கூட்டிப்போய், மொழிபெயர்க்கும் அவள் போனை அந்த எழுத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னான்.

"மாமா, 'பிரேக் கசியுது, ஓட்டாதே'ன்னு வருது."

வேனில் அமெட்ஸோஃபே மலைக்குப் போக ஆள் நிறைந்துவிட்டது. காஃபுயி சாவியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"தம்பி, பிரேக்கை ஒரு தடவை காட்டிட்டுப் போயேன்."

"எதுக்குண்ணே? பிரேக் எண்ணெய் அடிக்கடி குறையுது, ஊத்திக்கிறேன். வண்டி கைவிடாதுன்னு நீதானே படிச்சே."

ஆக்பெக்கோ கதவைப் பிடித்துக்கொண்டான்.

"நான் படிக்கல. எனக்கு ஜெர்மன் தெரியாது. பிரேக் கெட்டிருக்கு, ஓட்டாதேன்னுதான் எழுதியிருக்கு."

ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். கருவாட்டுக் கூடைக்காரி மட்டும் அவன் எதிரே நின்றாள்.

"ஹாம்பர்க்ல ரெண்டு வருஷம் என்னத்தைக் கிழிச்சே?"

"மீன் பெட்டி தூக்கினேன், அம்மா."

"அப்போ இந்தா, இதையும் தூக்கு. அடுத்த வேன் வரைக்கும்."

தூக்கிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றியிருந்தார். துருப்பிடித்த பிரேக் குழாய் அவர் விரல் பட்டதும் ரஸ்க் மாதிரி நொறுங்கியது.

காஃபுயி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "என் பொண்டாட்டி வயித்துப் பிள்ளையோட வாராவாரம் முன் சீட்ல வந்தாண்ணே" என்றான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ஆக்பெக்கோவுக்கு.

மண்ணெண்ணெய்த் துணியோடு சிவப்பு எழுத்தைத் தேய்க்கப் போனான். காஃபுயி தடுத்தான்.

"அது இருக்கட்டும். நான் அழிக்கும்போது அழிப்பேன்."

மத்தியானம் புதுக் குழாய் மாட்டியாயிற்று. மலைக்கு ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். காஃபுயி முன் கதவைத் திறந்து பிடித்தான்.

"நீ இங்க உக்காரு."

ஆக்பெக்கோ ஏறி உட்கார்ந்தான். இறக்கத்தில் முதல் வளைவு வந்தது. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அதே சீட்டில் வாராவாரம் உட்கார்ந்து வந்தவளை நினைத்தான். காஃபுயி பிரேக்கை அழுத்தினான். வேன் நின்றது.

"இன்னும் எட்டு வளைவு இருக்கு" என்றான் காஃபுயி, அவன் முகத்தைப் பார்க்காமல்.