நிரம்பாத குழி

மரிவோன் தெலாத்தின் கோழிக்கூண்டு நவம்பர் மூன்றாம் தேதி காலை எட்டேகால் மணிக்குப் பூமிக்குள் போனது. ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. பால் வண்டி தெருவைக் கடந்து போன அடுத்த நிமிடம் கூண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு கீழே ஏதோ வேலை இருப்பதைப்போல இறங்கிவிட்டது. ஏழு கோழிகளில் ஆறு வெளியே மேய்ந்துகொண்டிருந்தன. முட்டையிட உள்ளே போயிருந்த ஏழாவது, அரை மணி கழித்து உடம்பெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்புத் தூளோடு பள்ளத்தின் விளிம்பில் ஏறி வந்து, யாரையும் பார்க்காமல் நடந்து போனது.

வோக்ரிகூர் கிராமத்தில் இதற்கெல்லாம் யாரும் அலறுவதில்லை. அர்ராஸ் நகரத்துக்குத் தெற்கே அந்தப் பக்கத்து நிலம் மேலே விவசாயிக்கும் கீழே முதல் உலகப் போருக்கும் சொந்தம். நூறு வருடத்துக்கு முன் ஜெர்மன்காரனும் ஆங்கிலேயனும் ஒருவன் காலுக்கடியில் இன்னொருவன் வெடி வைப்பதற்காகச் சுரங்கம் சுரங்கமாகக் குடைந்தார்கள். போர் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கெங்கே குடைந்தோம் என்று யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. மழைக்காலத்தில் எங்காவது ஓரிடம் உள்வாங்கும். ஊராட்சி அதைச் சுற்றி வேலி போடும். இரண்டு வருடத்தில் வேலியும் உள்வாங்கும்.

முதலில் ஓடி வந்தவர் எதிர்வீட்டு அனிசே கோத்ரோன். வயது அறுபத்திரண்டு. சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் கிழங்கு பயிரிடுகிறவர். மனைவி தெரேஸ் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஆறு வருடமாக, தனியாக இருக்கும் மரிவோனைச் சுற்றி வருகிறார். சுற்றி வருவது என்றால் ஊரில் நினைப்பதுபோல் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு கூடைக் காய்கறியோடு போய், பூட்ஸைத் துடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்து, சாப்பிட்டுவிட்டு வருவார். செப்டம்பரில் ஒருநாள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, "என் வீட்டுக்கே வந்துடுங்களேன்" என்று கேட்டுவிட்டார். "கிழங்கெல்லாம் எடுத்து முடிங்க, பதில் சொல்றேன்" என்றாள் மரிவோன். கிழங்கு எடுக்க இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. மனிதர் தூக்கமில்லாமல் அலைந்தார்.

அவர் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே சுண்ணாம்புப் பாறையைச் செதுக்கிய ஒரு வழி, தெருவின் மேட்டுப் பக்கத்திலிருந்து சரிந்து வந்து, மரிவோனின் சமையலறைக்கு அடியில் போய் மறைந்தது. மேட்டுப் பக்கத்தில் இருப்பது அனிசேயின் கொட்டகை.

"என்ன, முகம் வெளுத்துப்போச்சு? விழுந்தது என் கூண்டு" என்றாள் மரிவோன்.

"ஒண்ணுமில்ல. சாப்பிடாம வந்துட்டேன்."

ஒன்றுமில்லை என்று அவர் சொன்னது சுத்தப் பொய். அந்த ஊரில் உழும்போது பழைய குண்டு அகப்பட்டால், அதை மின்கம்பத்தடியில் வைத்துவிட்டு ஊராட்சியில் எழுதிக் கொடுக்க வேண்டும். குண்டு அகற்றும் பிரிவு வந்து எடுத்துப் போகும். வர ஆறு வாரம் ஆகும். அனிசேயின் அப்பாவுக்குக் காத்திருப்பது பிடிக்காது. கொட்டகைக்குப் பின்னால், இரண்டு முழ அகலத்தில், இரும்பு மூடி போட்ட ஒரு குழி இருந்தது. பாழுங்கிணறு என்று நினைத்தார்கள். குண்டுகளை அதில் போடுவார் அப்பா. அவருக்குப் பின் மகன். அனிசே பொறுப்பில்லாத ஆள் அல்ல. பெரிய குண்டுகளைக் கயிறு கட்டித்தான் இறக்குவார். கீழே தொப்பென்று சத்தம் வராது. சரசரவென்று எங்கோ வழுக்கிக்கொண்டு போகும் சத்தம்தான் வரும். நாற்பது வருடமாகியும் குழி நிரம்பவில்லை. ஏன் நிரம்பவில்லை என்று அப்பாவும் யோசிக்கவில்லை, மகனும் யோசிக்கவில்லை. வயலில் கல் பொறுக்குகிறவன் போட்ட கல்லைப் பற்றி யோசிப்பதில்லை. அவர்களுக்குக் குண்டும் அப்படித்தான்.

அன்று மதியமே தெருவைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துக் குண்டு அகற்றும் பிரிவு வந்தது. தலைவி சொலேன் மர்க்கான் என்ற நாற்பது வயதுப் பெண். கூட இரண்டு இளைஞர்கள். பள்ளத்துக்குள் கேமரா இறக்கிப் படம் பிடித்து, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஊராட்சி மண்டபத்தில் திரை கட்டிக் காட்டினார்கள். ஊரே வந்திருந்தது. மரிவோன் இரண்டாவது வரிசையில், கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அனிசே கதவோரம் நின்றார்.

திரையில் ஓர் அறை தெரிந்தது. அறை நிறையக் குண்டுகள்.

ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் பெத்தூர்னே எழுந்துவிட்டார்.

"பாருங்க! ஜெர்மன் குண்டு, இங்கிலீஷ் குண்டு, நம்ம பிரெஞ்சு குண்டு, மூணும் ஒரே குவியல்ல! இப்படி உலகத்துல எங்கயும் கிடையாது. இதுக்கு ஒரே அர்த்தம்தான். கொல்ல வந்தவங்க பூமிக்கடியில சந்திச்சிருக்காங்க. ரகசியமா சமாதானம் பண்ணிக்கிட்டு, இருந்த குண்டையெல்லாம் ஒரே இடத்துல போட்டுட்டாங்க!"

முன் வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஊராட்சித் தலைவர் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார்; போர் முடிந்த தின விழாவுக்கு இன்னும் ஐந்தே நாள், அவருக்குப் பேச ஒன்றும் இல்லாமல் இருந்தது.

சொலேன் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். "குவியலுக்கு மேல ஒரு நீலப் பை தெரியுது. உர மூட்டை மாதிரி இருக்கு" என்றாள்.

"எலி இழுத்துட்டு வந்திருக்கும்" என்றார் வாத்தியார்.

"அம்பது கிலோ உரப் பையையா?"

"அந்தக் காலத்து எலி, மேடம். பெருசு."

சொலேன் மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "யாராவது எதாவது சொல்லணுமா?" என்றாள். விவசாயிகள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அந்தக் கூரையில் பார்க்க அவ்வளவு விஷயம் இருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது. "சரி. பத்து மணிக்கு இவங்க ரெண்டு பேரும் இறங்குறாங்க. நூறு வருஷமா அசையாம கிடந்த சரக்கு, மேல இருந்து ஒண்ணொண்ணா கையில எடுத்துக் குடுத்தா போதும்" என்று சொல்லிவிட்டு மீதி ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டாள்.

அனிசே அந்த இரண்டு இளைஞர்களைப் பார்த்தார். ஒருவன் கையுறை மாட்டிக்கொண்டிருந்தான். இப்போது வாயைத் திறந்தால் மரிவோன் போய்விடுவாள் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. திறக்காவிட்டால் அந்தப் பையன் பத்து மணிக்கு நீலப் பையில் கை வைப்பான். மண்டபத்துக் கடிகாரம் ஒன்பது நாற்பது காட்டியது.

"மேடம்" என்றார். "அந்த நீலப் பையைத் தொட வேணாம்."

"ஏன்?"

"உள்ள இருக்கறதைக் குலுக்கினா தண்ணி மாதிரி சத்தம் வரும்."

குலுங்கும் குண்டு என்றால் உள்ளே விஷவாயுச் சரக்கு என்று அந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

"குலுக்கிப் பார்த்தது யாரு?"

"நான்தான்."

"எப்போ?"

"ஏப்ரல்ல. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை."

"எந்த வருஷம்?"

"இந்த வருஷம்தான், மேடம்."

"மத்த குண்டெல்லாம்?"

"மத்த வருஷங்கள்ல."

சொலேன் தன் ஆட்களைப் பார்த்தாள். கையுறை மாட்டியவன் அதை மெல்லக் கழற்றினான். வாத்தியார் பெத்தூர்னே இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப அந்தச் சமாதானம்?"

"அது நடக்கல வாத்தியாரே. மன்னிச்சுக்குங்க."

வாத்தியார் உட்கார்ந்தார். ஊராட்சித் தலைவர் காகிதத்தில் குறித்ததை அடித்தார். சொலேன் கிராம வரைபடத்தை மேசையில் விரித்து, குவியல் இருக்கும் இடத்தில் விரலை வைத்தாள். "இது யார் வீடு?"

"என்னோடது" என்றாள் மரிவோன். "சமையலறை." பிறகு அனிசேயின் பக்கம் திரும்பினாள். "ஈஸ்டர் அன்னிக்கு என் வீட்டுக்குச் சாப்பிட வந்தீங்க."

"ஆமா."

"ஆட்டுத்தொடை வெச்சிருந்தேன்."

"நல்லா இருந்துது."

"அதுக்கு முந்தின நாள்தான் அதைப் போட்டிருக்கீங்க."

"விருந்துக்குப் போகணுமே, மின்கம்பத்தடியில வெச்சா வர்ற உங்க சொந்தக்காரங்க கண்ல படுமேன்னு… அது எங்க போகுதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது, மரிவோன்."

"யாரையாவது கேட்டீங்களா?"

"யாரைக் கேக்கறது?"

"உள்ள நுழையும்போது பூட்ஸைத் துடைச்சிட்டு வருவீங்க" என்றாள் அவள். "இந்த ஆளு ஒரு வீட்டை மதிக்கத் தெரிஞ்சவருன்னு நினைச்சுக்கிட்டேன். ஆறு வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன்."

எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். அனிசே நகரவில்லை. அவரிடம் வாக்குமூலம் எழுதி வாங்க ஒரு போலீஸ்காரர் காகிதம் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் முகமூடி போட்ட வேறு ஆட்கள் வந்து நீலப் பையை எடுத்தார்கள். துரு தின்று, குண்டின் தகடு சில இடங்களில் அப்பளம்போல் ஆகியிருந்தது. கையால் தூக்கியிருந்தால் தகடு பிய்ந்து கையோடு வந்திருக்கும் என்று சொலேன் அனிசேயிடம் சொன்னாள். திட்டவில்லை, அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது. இருநூற்றுப் பதினாலு குண்டுகளை வெளியே எடுக்கப் பதினோரு நாள் பிடித்தது. அதே நாட்களில் ஊரில் வேறு நாலைந்து பேர், தங்கள் தோட்டத்திலும் ஒரு பாழுங்கிணறு இருப்பதாக, ஆளுக்கொரு பொழுதில் தனித்தனியாக வந்து சொலேனிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அனிசே ஆள் வைத்துக் கிழங்கை எடுத்து முடித்தார். பதில் கேட்கப் போகவில்லை. மரிவோன் அர்ராஸில் ஓர் உறவுக்காரி வீட்டுச் சோபாவில் படுத்திருந்தாள்.

டிசம்பர் முதல் வாரம் தெருவிலுள்ள பதினோரு வீடுகளுக்கு அடியிலும் அளந்து பார்த்து ஊராட்சி காகிதம் கொடுத்தது. பத்து வீடுகளுக்கு அடியில் நிலம் உள்ளே வெறும் பொந்து. வசந்த காலம் வரை குடியிருக்கக் கூடாது. ஒரே ஒரு வீடு கெட்டியான நிலத்தில் இருந்தது.

ஒரு பிற்பகல், மழையில், அனிசேயின் கதவைத் தட்டினாள் மரிவோன். பின்னால் ஒரு பெட்டி.

"உங்களைப் பார்க்க வரல" என்றாள். "உறவுக்காரிக்கு மூணு பூனை. இந்தத் தெருவுல தங்கலாம்னு போட்டிருக்கறது உங்க வீடு மட்டும்தான்."

"ஆமா."

"ஏன்னு தெரியுமா?"

"தெரியும். சுரங்கத்தோட சரிவு உங்க பக்கம்."

அவள் பூட்ஸைத் துடைக்காமல் உள்ளே வந்தாள். நிலவறையைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். கொட்டகைக்குப் பின்னால் குழியை மூடிக் கான்கிரீட் ஊற்றிய இடத்தைக் காலால் தட்டிப் பார்த்தாள். பரண், அலமாரி, அடுப்புக்குப் பின்புறம், எதையும் விடவில்லை. அனிசே சாவிக்கொத்தோடு பின்னாலேயே போனார். கடைசியில் மாடியில் அவர் படுக்கையறை வாசலில் நின்றாள்.

"கட்டிலுக்கு அடியில என்ன?"

"ஒண்ணுமில்ல." கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டார்.

"வெளிய எடுங்க."

அனிசே மண்டியிட்டார். ஒரு பழைய பெட்டி வந்தது, காலி. கட்டுக் கட்டாக விவசாயப் பத்திரிகைகள் வந்தன. பிறகு கை நீட்டியவர் அப்படியே இருந்தார்.

"இன்னும் இருக்கு. எடுங்க."

ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு. பெண்கள் போடுவது, பழுப்பு நிறம், குதிகால் பக்கம் தேய்ந்தது. அவர் அதைத் தரையில் வைத்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"தெரேஸோடது" என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்குக் கழட்டி விட்டது. எடுத்துப் போட்டுடணும், போட்டுடணும்னு…" பெரிய உருவம், மண்டியிட்டபடியே அழுதது. ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

மரிவோன் குனிந்து, செருப்பு இரண்டையும் சேர்த்து எடுத்து, கட்டிலுக்கு அடியில் இருந்த இடத்திலேயே வைத்தாள். அவர் எடுத்த மாதிரி தாறுமாறாக இல்லை, ஒன்றோடொன்று ஒட்டி.

"இந்த ரூம் உங்களுதாவே இருக்கட்டும்" என்றாள். "எனக்கு அந்தப் பக்கத்து ரூம் போதும். இப்போதைக்கு."

"சரி."

"பெட்டி வாசல்ல நனையுது, அனிசே."

அவர் ஓடினார். அறுபத்திரண்டு வயதில் யாரும் மாடிப்படியை அப்படி இறங்கக் கூடாது.