கிளட்ச் இல்லாத வண்டியின் கிளட்ச்

அக்கா புருஷனின் பழைய டீசல் பிக்கப் வண்டிக்கு, தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மாட்ட, மெக்கானிக் தம்பி இரண்டு வாரம் முட்டி தேய உழைத்தான். வேலையற்றுப்போன கிளட்ச் பெடலைக் கழற்றி வீசினான்.

முதல் ஓட்டத்திலேயே மாமாவின் இடது கால், பழக்கதோஷத்தில் கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை ஓங்கி மிதித்தது. மாமா, அக்கா, தம்பி மூன்று பேரின் நெற்றியும் புடைத்தது.

"கிளட்ச் இல்லாம என்னடா வண்டி, மாப்ள?"

தலையில் அடித்துக்கொண்ட தம்பி, எதனோடும் இணைக்காமல் ஒரு ஸ்பிரிங்கோடு பழைய பெடலையே திரும்பப் பொருத்தினான். மாமா அதை மிதித்து மிதித்து மகாராஜாவாக ஓட்டினார்.

"இப்பதான் சொன்ன பேச்சு கேக்குது."

பக்கத்தில் இருந்த அக்கா தம்பியிடம் சொன்னாள்: "என் பக்கம் ஒரு பிரேக் வச்சுக் குடுடா. இவரு ஓட்டுறப்பல்லாம் பயத்துல இருபது வருஷமா வெறும் தரையத்தான் மிதிக்கிறேன். அது மட்டும் நிஜமாவே பிடிக்கணும்."